பத்திரிகையில் பெயர் வேண்டுமா?

கல்யாணப் பத்திரிகைக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. நிச்சயம் முடிந்த கையோடு சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கலாம். தாளைத் தடவிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மறுவாரம் இன்னொரு கடைக்குப் போகலாம். பெயர் சூட்டு விழாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளை எந்த நாளில் பிறக்கும் என்று தெரியாது. ஆணா பெண்ணா என்பதை ஸ்கேன் எடுப்பவர் சொல்லக் கூடாது என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே ‘பேரனா, பேத்தியா’ என்ற வரிகூடப் பிரசவ அறைக் கதவு திறந்த பிறகுதான் முடிவாகும். பத்து நாள் தீட்டு கழிந்து பதினோராம் நாள் புண்ணியாகவாசனம் என்று வைத்துக்கொள்ளும் வீடுகளில், பத்திரிகை யோசித்து, அடித்து, கொடுத்து முடிக்க ஒரு வாரம் கிடைத்தாலே பெரிய காரியம்.

பதினாறாம் நாள், முப்பதாம் நாள், மூன்றாம் மாதம் குலதெய்வக் கோயிலில் என்று வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். விழாவைத் தள்ளி வைத்துக்கொள்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இதற்குப் பெரும்பாலும் பத்திரிகையே கிடையாது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தபால் கார்டு வெளியூருக்குப் போகும். உள்ளூரில் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குங்குமச் சிமிழோடு தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வருவார்கள். அந்த வேலையை இன்று கைப்பேசி எடுத்துக்கொண்டது. பெரும்பாலும் வெளியூரில் வேலை பார்க்கும் ஒரு சித்தியோ அத்தையோ, கேன்வா தெரிந்தவர் என்ற ஒரே தகுதியால், வடிவமைப்பாளர் ஆகிவிடுகிறார். இரவு பதினொரு மணிக்குக் குடும்பக் குழுவில் ஆறு படங்கள் வந்து விழுகின்றன. ‘எனக்கு மூணாவது’, ‘ரெண்டாவதுல கலர் நல்லாருக்கு’, ‘பிள்ளையார் எங்கே?’ என்று மறுநாள் காலை வரை பட்டிமன்றம். பச்சை உடம்புக்காரியான தாய் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பாள். அல்லது தூங்குவதாகப் பாவனை செய்வாள்.

படங்களில் முதலிடம் கண்ணனுக்குத்தான். வெண்ணெய்ப் பானையோடு ஒரு கண்ணன், மயிலிறகோடு ஒரு கண்ணன், ஆலிலையில் கால் விரலைச் சுவைத்தபடி ஒரு கண்ணன். பளபளவென்று கொழுகொழு கன்னத்தோடு சிரிக்கும் இந்தக் குழந்தை, அச்சு இயந்திரத்தின் வழியாக வீடுகளுக்கு வந்தவன். ராஜா ரவிவர்மா 1894இல் மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப் படங்கள் சாமி படத்தைப் பூஜையறைச் சுவருக்குக் கொண்டுவந்தன. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் வழியாக அதைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சேர்த்தார்கள். அந்தக் காலண்டர்களை அச்சடித்த சிவகாசியில்தான் இன்றும் ரெடிமேட் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகத் தயாராகின்றன. மேலே வண்ணப் படம், உள்ளே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் உங்கள் ஊர் அச்சகம் ஒற்றை நிறத்தில் விவரத்தை அடித்துக் கொடுக்கும்.

சிவகாசிக்குப் பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் வடபத்ரசாயி ஆலிலையில் பள்ளிகொண்டவர். கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடிய பெரியாழ்வாரின் ஊரும் அதுதான். பிள்ளைகளுக்குத் திருமாலின் பெயரையே இடுங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடி ஒரு பதிகமே பாடியவர் அவர். பெயர் சூட்டு விழாப் பத்திரிகைக்கு ஆலிலைக் கண்ணனைத் தேர்ந்தெடுப்பவர் அதையெல்லாம் நினைப்பதில்லை, நினைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அந்தப் படம் ஏன் அலுக்காமல் நிலைத்திருக்கிறது என்பதற்கு இந்த ஊர்ப் பாசம் ஒரு காரணமாக இருக்கலாம்.

கண்ணனுக்கு அடுத்தபடி தொட்டில், இரண்டு பிஞ்சுப் பாதங்கள், யானைக்குட்டி, பலூன். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. துணி மூட்டையில் குழந்தையை அலகில் தூக்கிப் பறந்து வரும் பறவை ஒன்று இருக்கிறதே, அதைத்தான் சகிக்க முடியவில்லை. குழந்தையை நாரை கொண்டுவந்து போடும் என்பது ஐரோப்பியப் பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்ன சமாளிப்பு. நம்மூர் நாரைக்கு வயலில் மீன் பிடிக்கவே பொழுது சரியாக இருக்கிறது. பையன் என்றால் நீலம், பெண் என்றால் ரோஜா நிறம் என்பதும் அந்த வழியில் வந்ததே. மஞ்சளும் குங்குமச் சிவப்பும் இருக்கும் வீட்டில் நிறத்துக்கு என்ன பஞ்சம்?

படத்தைப் பற்றி இவ்வளவு சண்டை போடும் குடும்பங்கள் சண்டை போட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுகின்றன. குழந்தையின் பெயரைப் பத்திரிகையில் போடுவதா, விடுவதா?

விழாவே பெயர் வைப்பதற்குத்தான். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மஞ்சள் கிழங்காலோ மோதிரத்தாலோ அப்பா பெயரை எழுதுவார். பல வீடுகளில் அத்தை குனிந்து பிள்ளையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வாள். அதன் பிறகுதான் தொட்டிலில் கிடத்தி, பெரியவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது அந்த ஒரு நொடிக்காக. அந்தப் பெயர் தங்க எழுத்தில் சில நாளுக்கு முன்பே நானூறு பேர் கைப்பேசிக்குப் போய்விட்டால், அத்தை காதில் சொல்வது வெறும் சடங்காகிவிடும். ‘அதான் தெரியுமே’ என்று பின்வரிசையில் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியை எட்டிப் பார்ப்பார்.

நடைமுறைக் காரணமும் உண்டு. விழா நாள் காலை வரை பெயர் உறுதியாவதில்லை என்பதே உண்மை. ரோகிணி நட்சத்திரம் என்றால் பாதத்துக்கு ஏற்ப ஒ, வ, வி, வு. சுவாதி என்றால் ரு, ரே, ரோ, தா. இருபத்தேழு நட்சத்திரம், நான்கு பாதம் என்று 108 தொடக்க எழுத்துகளில் பிள்ளைக்கு விழுந்தது எதுவோ அதில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்வார். பையன் பெயர் இரட்டைப்படை அசையில், பெண் பெயர் ஒற்றைப்படை அசையில் என்று பாரஸ்கர கிருஹ்யசூத்திரம் சொல்வதைப் புரோகிதர் நினைவுபடுத்துவார். தாத்தா தன் அப்பா பெயரைக் கேட்பார். எண்கணிதக்காரர் ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்வார். இத்தனை பேரையும் சமாதானப்படுத்தி ஜாதகத்துக்கு ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று, கூப்பிட ஒன்று என மூன்று பெயர் வைத்த வீடுகள் ஏராளம். பத்திரிகையில் எதைப் போடுவது?

சட்டமும் அவசரப்படுத்துவதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை வழி உண்டு. ஆனால் ஒருமுறை ஏறிவிட்ட எழுத்து சாமானியமாக மாறாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பத்திரிகையில் ஓர் எழுத்துக்கூட்டல், சான்றிதழில் இன்னொன்று என்றால் உறவினர்கள் வெள்ளித் தட்டிலும் கொலுசுப் பெட்டியிலும் பொறித்துக் கொண்டுவருவது பத்திரிகைப் பெயராகத்தான் இருக்கும்.

பெயருக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது, யார் அழைக்கிறார்கள் என்பது. தலைப்பிரசவம் தாய்வீட்டில், விழா அப்பா வீட்டில் என்றால் இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும் பத்திரிகையில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்பதில் ஆரம்பித்த மனக்கசப்பு காதுகுத்து வரைக்கும் நீண்ட கதை பல குடும்பங்களில் உண்டு. இடமும் வலமுமாக ஒரே அளவு எழுத்தில் போட்டுவிடுவது உத்தமம். இதிலிருந்து தப்பிக்கவோ என்னவோ, குழந்தையே பேசுவது போன்ற வாசகம் இப்போது பெருத்துவிட்டது. ‘மாமா, அத்தை, நான் வந்துட்டேன்! எனக்குப் பேர் வைக்க வாங்க’ என்று பதினோரு நாள் பிள்ளை எழுதுகிறது. முதலில் பார்க்கும்போது சிரிப்பு வரும். மூன்றாவது வீட்டுப் பத்திரிகையிலும் அதே பிள்ளை அதே வரியைச் சொல்லும்போது, ‘எங்கள் பேத்திக்குப் பெயர் சூட்ட இருக்கிறோம், வந்து ஆசீர்வதிக்க வேண்டும்’ என்ற பழைய நடை எவ்வளவு கௌரவமானது என்று தெரியும்.

அச்சகத்திலும் கணினி மையத்திலும் புதிதாக யாரும் எழுதுவதில்லை. போன வாரப் பத்திரிகையைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றுவார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி வந்த பத்திரிகையில் படம் அருமை, எழுத்து அருமை. ‘சனிக்கிழமை காலை 9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்’ என்று நேரம் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு அடித்த பழைய நேரம் அப்படியே தங்கிவிட்டது. ஐந்து பேர் படித்து ‘சூப்பர்’ போட்ட பிறகு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாட்டி கேட்டாள்: “ஏண்டா, ராகு காலத்துலயா பேரு வைக்கப் போறீங்க?” சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை வரை ராகு காலம். காலண்டர் தாளில் தினமும் இருக்கிற விவரம், பார்க்கத்தான் ஆளில்லை. வளர்பிறை, தேய்பிறை மாறிப்போவதும், விசுவாவசு ஆண்டில் போன வருடத்துக் குரோதியே அச்சாவதும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் ‘யோ’ என்று அடித்தால் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொள்ளும். ‘யோ’, ‘கௌ’ போல முன்னும் பின்னும் குறி வரும் எழுத்துள்ள பெயர்கள் இதில் சிக்கிச் சின்னாபின்னமாகும். பளபளக்கும் தாளில் தங்க எழுத்தும் வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத்தான் மண்டபத்தின் பெயரைப் படிக்க முடிகிறது. அச்சுக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகுமுன், வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் காட்டி, நாள், கிழமை, நேரம், இடம் நான்கையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.

அப்புறம், எவ்வளவு அழகான பத்திரிகை ஆனாலும் இரண்டு பேருக்கு அதைக் கைப்பேசியில் மட்டும் தட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். தொட்டிலும் சீரும் கொண்டுவர வேண்டிய தாய்மாமனையும், காதில் பெயர் சொல்ல வேண்டிய அத்தையையும் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழையுங்கள். பெயரை அத்தையிடம் மட்டும் அன்றே சொல்லிவிடலாம்.