அரைக்கட்டை ஏறிய பாட்டு

ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, டேப் ஹெட்டைத் துடைத்தால் காப்பிப்பொடி நிறத்தில் கறை வரும். நாடாவில் பூசிய இரும்பு ஆக்ஸைடு உதிர்ந்து ஹெட்டில் படிந்தது அது. பாதி அழுக்கு, பாதி பாட்டு. முப்பத்தைந்து வருடமாக இதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

உத்திரமேரூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் குடவோலைக் கல்வெட்டு. எங்களுக்கு ஏரி, நெல், பம்புசெட்டு, கோயில் மைக். என் கடை ஓடுவதே கோயில் ஆம்ப்ளிஃபயரையும் கல்யாண மண்டப ஸ்பீக்கரையும் நம்பித்தான். வீட்டு செட்டுகள் எப்போதாவது வருபவை. டேப் டெக், ரெக்கார்ட் பிளேயர், ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த ஆம்ப், ஆசாரி அடித்துக் கொடுத்த ஸ்பீக்கர் பெட்டி. காசு அதில் இல்லை, மனசு அதில்தான்.

போன தை மாதம், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் டெக் ஒன்றைப் பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தார். உள்ளே ரப்பர் பெல்ட் இளகி, வேப்பம் பிசின் மாதிரி புல்லியில் அப்பிக்கிடந்தது. வழித்தெடுத்துப் புது பெல்ட் மாட்டி, அவர் கேசட்டையே போட்டேன். எண்பதுகளின் இளையராஜா பாட்டு. மைக் ரிப்பேருக்காகப் பெஞ்சில் காத்திருந்த நாயனக்காரர் அண்ணன் பல்லவி முடிவதற்குள் தலையைத் தூக்கினார். “தம்பி, பாட்டு அரைக்கட்டை ஏறிப் போயிருக்கே!”

என்னிடம் 3,000 ஹெர்ட்ஸ் ஒலி மட்டும் பதிந்த சோதனைக் கேசட் ஒன்று உண்டு. போட்டு மீட்டரை வைத்தால் 3,140 காட்டியது. கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் அதிக வேகம். ஆறு சதவீதம் ஏறினால் சரியாக அரைக்கட்டை. மீட்டரே தேவைப்படாத காது அவருடையது. மோட்டாரின் பின்பக்கத் துளையில் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 3,000-க்குக் கொண்டுவந்தேன். அதே பாட்டை மறுபடி போட்டேன்.

வாத்தியார் முகம் விழுந்துவிட்டது. “என்னப்பா, பாட்டு தூங்கி வழியுது? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியே.”

“சார், இதுதான் சார் சரி” என்றார் நாயனக்காரர்.

“உங்களுக்குச் சரி” என்றார் வாத்தியார்.

எப்போதோ ஒரு மெக்கானிக் அந்தத் துளையில் கைவைத்திருக்கிறார். அன்றிலிருந்து இருபது வருடத்துக்கு மேல் அவர் வீட்டில் அந்தப் பாட்டு அந்த வேகத்தில்தான் ஓடியிருக்கிறது. முப்பது நிமிடப் பக்கம் இருபத்தொன்பது நிமிடத்துக்குள் தீர்ந்திருக்கும். பாடகர் குரல் கொஞ்சம் இளமையாகவும் தபேலா கொஞ்சம் சுறுசுறுப்பாகவும் கேட்டிருக்கும். அவருக்கு அதுதான் அசல். திரும்பவும் 3,140-க்கே திருகிக் கொடுத்தேன். நாயனக்காரர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அனலாக் நல்லதா, டிஜிட்டல் நல்லதா என்று கேட்டு வருபவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். குறையில்லாத ஒலி எந்தக் கருவியிலும் கிடையாது. எந்தக் குறை உங்கள் காதுக்குப் பழகியிருக்கிறதோ அதற்கு இனிமை என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள். எந்தக் குறையை எடுப்பது, எதை விட்டுவைப்பது என்பதுதான் என் தொழில்.

நான் தொழில் கற்றது செங்கல்பட்டில், ஒரு ரெக்கார்டிங் சென்டரில். வாடிக்கையாளர் ஒரு வெற்றுக் கேசட்டையும் நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார், நாங்கள் எல்பி ரெக்கார்டிலிருந்து ஏற்றித் தர வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். பாட்டின் நீளங்களைக் கூட்டிக் கழித்து, கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகாமல் வரிசை போடுவது ஒரு தனிக் கலை. முதலாளி ரெக்கார்டை விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார். எங்களை முதல் ஆறு மாதம் தொடவிடவில்லை.

எல்பியில் ஒரு விஷயம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அது மாறாது. ஆனால் வெளி விளிம்பில் ஊசி நொடிக்கு அரை மீட்டர் பள்ளத்தைக் கடக்கிறது. லேபிளுக்குப் பக்கத்தில் போனால் அதில் பாதிகூட இல்லை. அதே ஒலியை அங்கே நெருக்கி எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ கரகரக்கும், ஜால்ரா மங்கும். ரெக்கார்டின் இனிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் ரசிகர்கள் இதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. ரெக்கார்டில் பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, பாட்டுக்கு இடம் போதாது. அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைத் தூக்கி எழுதுவார்கள். 1954 வாக்கில் இதற்குப் பொதுவான ஒரு கணக்கு வந்தது, ஆர்ஐஏஏ என்று பெயர். கேட்கும்போது ஃபோனோ ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்க வேண்டும். இப்போது மகன் ஆன்லைனில் ரெக்கார்ட் பிளேயர் வாங்கி அனுப்புகிறான், அப்பா அதை ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் சொருகியில் நேராக மாட்டுகிறார். சத்தம் தகரம் மாதிரி, கொசு பாடுகிற மாதிரி வருகிறது. “டிஜிட்டல் ஆம்ப் வேஸ்ட்டுப்பா, பழைய வால்வு செட்டு கிடைக்குமா?” என்று என்னிடம் வருவார். தீப்பெட்டி அளவு ப்ரீஆம்ப் போர்டு ஒன்றை நடுவில் போட்டுக் கொடுத்தால் அன்றே டிஜிட்டல் மீதிருந்த கோபம் தீர்ந்துவிடும்.

டிஜிட்டலுக்கும் நியாயம் பேச வேண்டும். சிடி 1982-ல் வந்தது. நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். என் காது இப்போது 11,000-ஐத் தாண்டுவதில்லை, அது வேறு கதை. ‘டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டு வரும்’ என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வெளியே வருவது வழவழப்பான அலைதான், ஆசிலோஸ்கோப்பில் நானே பார்த்திருக்கிறேன்.

ரெக்கார்ட் பைத்தியமான நண்பர் ஒருவரை ஒருநாள் சோதித்தேன். எல்பியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதையும் எல்பியையும் ஒரே ஸ்பீக்கரில், எது எது என்று சொல்லாமல், சத்தத்தைச் சமமாக வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். நாலு தடவை கேட்டும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊசியின் பொரிபொரிப்பு, அந்தக் கதகதப்பு எல்லாம் நகலிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது. ரெக்கார்டின் குறைகளைக்கூட விசுவாசமாக வைத்துக்கொள்கிறது டிஜிட்டல். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஏன் டிஜிட்டலுக்குக் கெட்ட பெயர்? எங்கள் பக்கம் அது சிடியாக வரவில்லை, எம்பி3-யாக வந்தது. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. அவ்வளவு நசுக்கினால் ஜால்ராவும் ஹை-ஹாட்டும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிவிடும். போதாததற்கு, மோனோவில் பதிந்த பாட்டை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிய்த்துப் போட்டு ‘டிடிஎஸ்’ என்று எழுதி விற்றார்கள். அது ஒலித் தொழில்நுட்பத்தின் பிழை இல்லை, வியாபாரம். நினைவும் குழப்பும். 1992-ல் ‘ரோஜா’ கேசட் வந்த வாரம் என் ஊஃபரை நானே மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவு போட்டு அடித்தேன். இன்று அதைக் ‘கேசட் காலத்து உயிருள்ள சத்தம்’ என்கிறார்கள். அதில் பாதி கீபோர்டும் கம்ப்யூட்டரும் செய்த இசை. நாடா வெறும் வண்டிதான்.

இதையெல்லாம் விடப் பெரிய கருவி வீடு. என் தாத்தா வீடு மண்சுவர், ஓட்டுக்கூரை, கூடத்தில் நெல் மூட்டை அடுக்கு. அந்தக் கூடத்தில் சாதாரண டேப் ரெக்கார்டர்கூடக் கச்சேரி மாதிரி கேட்டது. நெல் மூட்டையைவிட நல்ல ஒலி உறிஞ்சியை நான் இன்னும் விலைக்குப் பார்க்கவில்லை. இப்போது கான்கிரீட் ஹால், தரை முழுக்க டைல்ஸ், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கையைத் தட்டினால் திரும்பிக் கையைத் தட்டுகிறது. அங்கே எண்பதாயிரம் ரூபாய் செட்டை வைத்துவிட்டு “இரையுதுப்பா” என்றால் நான் என்ன செய்ய? பெட்டியை மூலையிலிருந்து இரண்டடி தள்ளுங்கள், ஜமுக்காளம் விரியுங்கள், சுவரோரம் பீரோவோ புத்தகமோ வையுங்கள் என்பேன். காசு வாங்காத யோசனை என்பதால் பாதிப்பேர் கேட்பதில்லை. பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் ஆம்ப் மூச்சுத் திணறி அலைகளின் தலையை வெட்டும், அதற்கும் பழி பாட்டின் மேல்தான்.

வாத்தியார் ஆவணியில் திரும்ப வந்தார். நாடா அறுந்துவிட்டது. ஒட்டிய பிறகு பென்டிரைவில் ஏற்றித் தரச் சொன்னார். ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. பதிந்த டெக்கின் ஹெட் எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்ததோ அதே சாய்வில் பாட்டு எழுதப்பட்டிருக்கும். ஹெட்டை நேராக வைத்துக் கேட்டால் போர்வைக்குள் பாடுவது மாதிரி இருக்கும். ஹெட்டின் பக்கத்திலுள்ள ஸ்பிரிங் திருகைக் கால் சுற்று, அதிலும் பாதி என்று திருப்பிக்கொண்டே நாடாவின் இரைச்சலைக் கேட்க வேண்டும். ஓரிடத்தில் அந்த ‘ஸ்’ஸென்ற இரைச்சல் சட்டென்று திறக்கும். பாட்டும் அங்கேதான் இருக்கும். அன்று அதற்கே அரைமணி நேரம் ஆனது. இரண்டு ஃபைலாக ஏற்றினேன். ஒன்று சரியான வேகம், மற்றது அவருடைய வேகம். இரண்டாவதுக்கு ‘வீடு’ என்று பெயர் போட்டுக் கொடுத்தேன்.

உங்கள் பரணிலும் கேசட்டுகள் இருக்கும். எடுத்தவுடன் பிளேயரில் போட்டுவிடாதீர்கள். சுருள் மேல் வெள்ளைப் பூசணம் பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் போடவே வேண்டாம், அது ஹெட்டிலும் ஏறி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். சுத்தமாக இருந்தால் பென்சிலைச் சொருகிக் கையாலேயே ஒருமுறை முழுவதும் சுற்றி, நாடாவைத் தளர்த்துங்கள். பழைய டெக்கையும் இரும்புக்காரரிடம் போடாதீர்கள், பெல்ட் நூறு இருநூறு ரூபாய்தான். ஆடிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். ஆடி மாதம் முழுக்க நான் அம்மன் கோயில் ஸ்பீக்கர்களோடு இருப்பேன், கடை திறந்திருக்காது.