தெளிந்த கங்கை, கலங்கிய கங்கை

காசிக்குப் போகும் தமிழர்களில் பலர் தங்குவது அனுமன் கட்டத்தை ஒட்டிய சந்துகளில். பாரதியார் இளமையில் வாழ்ந்த பகுதி அது. இன்றும் அங்கே தமிழ்ப் பேச்சு காதில் விழும். படியிறங்கினால் கங்கை. எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆறும் மாறும், அதில் வாழும் பாக்டீரியாக்களும் மாறும்.

மே மாதத்தில் ஆறு மெலிந்து, எதிர்க்கரையில் மணல்வெளி விரிந்து கிடக்கும். கொளுத்தும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேல்மட்ட நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும். ஆனால், ஆற்றில் நீர் குறையும்போது ஊர்ச் சாக்கடை குறைவதில்லையே!

ஆகஸ்டில் படிகள் மூழ்கிவிடும். மாலை ஆரத்தியை மொட்டைமாடியில் நடத்துவார்கள். வெள்ளம் அழுக்கை அடித்துப் போய்விடும் என்று நினைப்போம். பாதிதான் சரி. வயல், தெரு, கழிவுக் கால்வாய் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் மழைநீர் ஆற்றுக்கு வருகிறது. சேற்றுத் துகளில் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாவைக் கலங்கிய நீரில் வெயிலும் தொடாது. வெள்ளம் வடிந்தபின் அந்த வண்டல் கரையோரம் படியும். குளிப்பவர்களின் கால் பட்டால் மறுபடி கிளம்பும்.

பனிக்காலக் கங்கைதான் ஆளை ஏமாற்றும். நீர் தெளிந்திருக்கும், கடற்காகங்கள் மிதக்கும். குளிர்ந்த நீரில் குடல் பாக்டீரியாக்கள் அவ்வளவாகப் பெருகாது. ஆனால், கூடுதல் நாள் உயிரோடிருக்கும்.

துளசி கட்டத்தில் இதையெல்லாம் கணக்கெடுக்க ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. சங்கட் மோசன் கோயிலின் மகந்தும், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியருமான வீர பத்ர மிஸ்ரா தொடங்கியது. கங்கையில் முழுகுவதையும் அவர் விடவில்லை, சோதிப்பதையும் விடவில்லை. குளிக்கும் நீரில் 100 மில்லிக்கு மலக் கோலிஃபார்ம் 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்பது அரசு அளவுகோல். குடிநீரிலோ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

‘கங்கை நீர் கெடாது’ என்பவர்களுக்கும் ஒரு சான்று இருக்கிறது. காலரா கிருமி கங்கை நீரில் மடிவதாக 1896-ல் ஹாங்கின் என்ற ஆங்கிலேயர் எழுதினார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுவதையும் கண்டார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களின் வேலை அது என்று பிற்காலத்தில் விளக்கினார்கள். ஆனால், அந்த வைரஸ் ஒவ்வொன்றும் தனக்கேற்ற பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். சாக்கடை மொத்தத்தையும் சுத்தம் செய்யாது.

மூடி பற்றவைத்த கங்கைச் செம்பு பூஜையறையில் இருக்கட்டும். தீர்த்தமாக யார் வாயிலாவது, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, விடுவதென்றால் கொதிக்கவைத்து ஆறிய பிறகு விடுங்கள்.