கை சும்மா இருந்தால்தான் பக்தியா?

சென்ற ஆண்டு நவராத்திரிக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத விரும்புகிறேன். அன்று மண்டபத்தில் இருந்தவர்கள் பலர் அதைக் கண்டார்கள். அதன் பிறகு நடந்ததை அவர்கள் அறியமாட்டார்கள்.

பூசை முடிந்து பஞ்சபுராணம் ஓதிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் பின்னால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் மகளின் மகன், பதின்மூன்று வயதுப் பிள்ளை, கையில் எதையோ வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். நிர்வாகசபையில் இருக்கும் ஒருவரின் பேரனே இப்படி நின்றால் மற்றப் பிள்ளைகளுக்கு யார் புத்தி சொல்வது என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. எழுந்து போய், எல்லோரும் பார்க்க, அதைப் பறித்து என் பொக்கற்றுக்குள் போட்டேன்.

அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிரசாதம் கொடுக்கும்போது அவன் கையைப் பார்த்தேன். பெருவிரல் நகத்தின் ஓரத்துத் தோலைப் பிய்த்திருந்தான். இரத்தம் கசிந்திருந்தது. அடுத்த இரண்டு கிழமையும் அவன் கோயிலுக்கு வரவில்லை.

அந்தப் பொருள் என் மேசையில் கிடந்தது. ஒரு சாவிக்கொத்து வளையம். அதில் தீப்பெட்டியளவு சட்டம். சட்டத்தில் நான்கு கொம்பியூட்டர்ச் சுவிச்சுகள், அவற்றின் மேல் எழுத்தில்லாத நான்கு மூடிகள். வயரும் இல்லை, மின்சாரமும் இல்லை. அழுத்தினால் சத்தம் வரும், விட்டால் எழும்பும், அவ்வளவுதான். பத்திரிகை வாசிக்கும்போது ஒருநாள் என் கை அதை எடுத்திருக்கிறது. எவ்வளவு நேரம் அழுத்தினேனோ தெரியாது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பெடியனிட்டைப் பறிச்சது, இப்ப நீங்கள் விளையாடவோ?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய அறை நினைவுக்கு வந்தது. 1986-ஆம் ஆண்டு நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலிருந்து கடிதம் வரப் பல கிழமை ஆகும். நான் யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தட்டச்சுப் படித்து, கச்சேரியில் வேலை பார்த்தவன். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அமைத்த தமிழ் விசைப்பலகை என் விரல்களில் ஊறியிருந்தது. அந்த விடுதியில், கடிதம் வராத நாள்களில், என் விரல்கள் மேசையில் தாமாகவே தட்டச்சு அடிக்கும். வீட்டு விலாசத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பேன். அறையில் இருந்த மற்ற நால்வருக்கும் அது தொல்லையாகத்தான் இருந்திருக்கும். ஒருவர்கூட என் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

அடுத்த நாளே மகள் வீட்டுக்குப் போனேன். பொருளை அவன் கையில் கொடுத்து, "அம்மப்பா செய்தது பிழை, தம்பி" என்றேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சத்தம் போட்டது என்ரை பிழைதான் அம்மப்பா. ஆனால் கையிலை ஒண்டும் இல்லாட்டில் ஐயர் சொல்லுறது எனக்குக் காதிலை ஏறாது" என்றான். கவனம் நிலைக்காத குறைபாடு அவனுக்கு இருப்பதாக வைத்தியர் முன்னரே கூறியிருந்தார். மகள் அதை என்னிடம் சொல்லத் தயங்கியிருக்கிறாள். நான் என்ன சொல்வேனோ என்ற பயம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

பிறகு அவன் எனக்கு ஆசிரியனானான். இந்தச் சுவிச்சு வகை 1980-களின் முற்பகுதியில் வந்ததாம். செர்ரி என்ற நிறுவனம் 1953-இல் அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் எங்கள் பவேரியா மாநிலத்து அவுவர்பாக் என்ற சிற்றூரில் வேரூன்றியது. அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பின் சீன நிறுவனங்கள் பலவும் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது. அதனால்தான் இன்று பிள்ளைகள் கையில் இவை விளையாட்டுப் பொருளாக வந்திருக்கின்றன.

ஒன்றைக் கழற்றிக் காட்டினான். உள்ளே ஒரு சுருள்வில், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தண்டு, ஓரத்தில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். தண்டு மொத்தம் 4 மில்லிமீற்றர் கீழே இறங்கும். ஏறக்குறைய 2 மில்லிமீற்றரில் தகடுகள் ஒன்றையொன்று தொடும். நீலத் தண்டு உள்ளதில் ஒரு சிறு துண்டு தனியாக நழுவி விழும். 'டிக்' என்ற சத்தம் அதனால்தான். மண்ணிறத்தில் அந்தச் சத்தம் இல்லை, விரலுக்கு ஒரு சிறு தடை மட்டும் தெரியும். சிவப்பில் இரண்டும் இல்லை. 45 கிராம் பாரமளவு அழுத்தினால் போதும், வழுக்கிக்கொண்டு இறங்கும்.

"அப்ப சிவப்பைப் போடுவமே?" என்று கேட்டேன். இருவருமாக மேசையில் இருந்து நான்கு நீலத்தையும் கழற்றிச் சிவப்பைப் பூட்டினோம். மூடி அடியில் முட்டும் சத்தமும் கேட்காதபடி ஒவ்வொன்றின் உட்புறமும் ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டோம். என் கண்ணுக்கு அந்த வளையம் தெரியவே இல்லை. அவன்தான் போட்டான்.

இப்படிப்பட்டவை எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை தரும் என்று நான் சொல்ல வரவில்லை. 2017-இல் பள்ளிக்கூடங்களில் சுழலும் பொம்மைகள் பரவியபோது, அவை கவனத்தைக் குலைக்கின்றன என்று ஆசிரியர்கள் பலர் தடுத்தார்கள். கண்ணை இழுக்கும் பொருள் வேறு, பார்க்காமலே விரலால் அழுத்தும் பொருள் வேறு என்பது என் பேரனிடம் நான் கண்டது. அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்தறிய வேண்டும்.

நாமும் உருத்திராக்க மாலையை 108 மணியாகத்தானே உருட்டுகிறோம்? செபம் வேறு, இது வேறு என்பதை நான் அறிவேன். ஆனால் அலையும் மனத்தை நிறுத்த நம் முன்னோர் கைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள் என்பதை நான் மறந்து போனேன்.

இப்போது அவன் வெள்ளிதோறும் வருகிறான். தூணோரம் நிற்பான். வலது கை பொக்கற்றுக்குள் இருக்கும். யாருக்கும் ஒன்றும் கேட்காது. போன மாதம் திருப்பல்லாண்டை அவனே ஓதினான். அப்போது இரண்டு கைகளும் கூப்பியபடி இருந்தன. ஓதி முடித்ததும் கை திரும்பவும் பொக்கற்றுக்குள் போனது.

அன்பர்களே, மண்டபத்தில் கைகால் ஓயாத பிள்ளை ஒன்றைக் கண்டால், பறிப்பதற்கு முன் பக்கத்தில் போய் மெதுவாக ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு கிழமை ஒரு பிள்ளை கோயிலுக்கு வராமல் இருந்தது என்னால்.