முக்கோணமும் நிழலும்

சென்னைக் கிண்டியிலுள்ள பொறியியற் கல்லூரி, 1794ஆம் ஆண்டில் கோட்டைப் பகுதியில் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, 1920இல் கிண்டிக்கு வந்தது. கிண்டியை அடுத்த பரங்கிமலையின் அருகே, 1802இல், லாம்ப்டன் என்பார் ஓர் அடிக்கோட்டை அளந்தார். அதனின்று தொடங்கிய முக்கோண வலை, பின்னர்க் குமரி முதல் இமயம் வரை நீண்டது.

முக்கோணங்களாகப் பகுத்தறிதல் நில அளவைக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சுக் கணித மேதை புவான்காரே 1890களில் உருவங்களை இவ்வாறு பகுத்து ஆராய்ந்தார். முக்கோணங்கள் பரப்பிய நிலத்தின் நடுவே ஒரு குளம் மட்டும் மூடப்படாமல் கிடப்பதாகக் கொள்க. தொடங்கிய இடத்திற்கே திரும்பும் வழி, பிறவிடங்களில் சில முக்கோணங்களுக்கு எல்லையாக அமையும். குளத்தைச் சுற்றும் வழியோ எவற்றிற்கும் எல்லையாகாது. இத்தகைய வழிகளை ஆராயும் கணக்கே ஹோமாலஜி. அதன் விடை வெறும் எண்ணன்று, ஒரு குலமே என்று எம்மி நோதர் என்னும் பெண்மணி 1925இல் சுட்டிக்காட்டினார்.

குலம் என்பது யாது? ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும், செய்ததை மீட்கவும் இயலும் செயல்களின் தொகுதியே கணிதத்தில் குலம் எனப்படும். 1940களில் ஹாப்ஃப் முதலிய அறிஞர்கள், ஒவ்வொரு குலத்திற்கும் ஏற்றதோர் உருவத்தின் வாயிலாக, அக்குலத்திற்கே ஹோமாலஜி கண்டனர்.

சமபக்க முக்கோண அட்டை ஒன்றை அதன் இடத்திலேயே பொருந்துமாறு ஆறு வகையில் வைக்கலாம். அசைக்காது விடுதலையும் சேர்த்துச் சுழற்றல் மூன்று, புரட்டல் மூன்று. சுழற்றிப் புரட்டுதலும் புரட்டிச் சுழற்றுதலும் ஒன்றல்ல. இம்முன்பின் வேறுபாட்டை நீக்கிவிடின், ஆறும் இரண்டாகச் சுருங்கும்: புரளாத நிலை, புரண்ட நிலை. இவ்விரண்டுமே அக்குலத்தின் முதல் ஹோமாலஜி. அது குலத்தின் நிழல் போன்றது.

நிழல் சிலவற்றை மறைப்பதும் உண்டு. இருபது முக்கோண முகங்களையுடைய ஒழுங்குத் திண்மத்தின் சுழற்சிகள் 60. அவற்றில் முன்பின் வேறுபாட்டை நீக்கினால் அறுபதும் ஒன்றாய் ஒடுங்கிவிடும். முதல் ஹோமாலஜி வெறுமையாகும். அதனால் அக்குலமும் வெறுமைதானோ? அன்று. இரண்டாம் ஹோமாலஜியில் ஈருறுப்புக் குலம் ஒன்று எஞ்சி நிற்கிறது. முதல் விளக்கு காட்டாததை இரண்டாம் விளக்கு காட்டுகிறது.

ஒரு குன்றின்மேல் நின்று நாடு முழுவதையும் அளந்தவர் எவருமிலர். பல முனைகளினின்று நோக்கியே அளவையாளர் உண்மையை எய்தினர். ஒரு நிழலை மட்டும் கண்டு பொருளை இகழாமை கணிதத்திற்கும் நெறி, வாழ்க்கைக்கும் நெறி.