ஒரு சிட்டிகை ஜம்பு

உத்தராகண்ட் மலையூரான முன்சியாரியில் ஒரு சின்ன விடுதி அடுப்படியில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அங்கிருந்த தீதி (நம்ம பேச்சில் அக்கா) ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தார். உள்ளே காய்ந்த புல் மாதிரி ஏதோ. மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டு வடகப் பானை ஞாபகம் வந்துவிட்டது.

ஜம்பு. குமாவுன், கட்வால் மலைகளின் உயரமான சரிவுகளில் தானாக முளைக்கும் வெங்காயச் சாதி. ஆனால் கிழங்கை யாரும் தேடுவதில்லை; இலையும் வெளிறிய ஊதாப் பூவும்தான் சரக்கு. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளில் செடி சேகரித்த ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சியின் பெயரால் தாவரவியலார் இதை ஆலியம் ஸ்ட்ரேச்சியை என்கிறார்கள். முன்சியாரியை ஒட்டிய ஜோஹார் பள்ளத்தாக்கு மக்களுக்கு அந்தப் பெயர் எதற்கு?

வாசனை வடகம் என்றதால் வேலையையும் வடகம் போலவே செய்தேன். நெய்யில் கடுகு வெடித்த கையோடு ஒரு பிடி அள்ளிப் போட்டேன். கண் இமைப்பதற்குள் கரி. அன்றைக்குப் பருப்பு முழுக்கக் கசப்பு. வடகம் எண்ணெய் புரட்டிய உருண்டை, சூட்டைத் தாங்கும். இது தலைமுடி கனமுள்ள இலை.

இப்போது என் முறை வேறு. இரும்புக் கரண்டியில் நெய் காய்ந்ததும் அடுப்பை விட்டு இறக்கிவிடுவேன். நெய்யின் சலசலப்பு அடங்க வேண்டும். அப்புறம் மூன்று விரல் சிட்டிகை, அவ்வளவே. இலை ஒருமுறை சுருண்டு, பச்சை பழுப்பாகத் திரும்பும் நேரத்தில் கரண்டியோடு பருப்பில் முக்கித் தட்டால் மூடிவிட வேண்டும். அந்த 'சொய்ங்' வெளியே போனால் வாசமும் கூடவே போச்சு. இதற்கு வாகான பருப்பு கஹத். வேறொன்றுமில்லை, நம்ம கொள்ளு! கொள்ளின் மண்வாசனையோடு ஜம்பு சேரும்போது பூண்டு தேவைப்படுவதில்லை. பூண்டையும் போடுகிறவர்கள் உண்டு; எனக்கு அது இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி.

பூ வரும் பருவத்தில்தான் காட்டில் பறிப்பு. பூவும் கூடையில் போய்விடுவதால் விதை விழ வழியில்லை. இந்தியத் தாவரங்களின் சிவப்புத் தரவு நூலில் இது இடம்பெற்றுவிட்டது. தீதி வீட்டுக்குப் பின்னால் பாத்தி கட்டியிருக்கிறார். அரிவாளால் இரண்டு விரல் உயரம் விட்டு அறுத்து, நிழலில் உலர்த்துவார். வெயிலில் போட்டால் வைக்கோல்தான் மிஞ்சும்.

கடைசி வரிசைக்கு மட்டும் என்னைப் போகவிடமாட்டார். அது விதைக்கு.