ஓடுபாதையில் ஒரு மாலை நடை

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தால் பலரும் மேகத்தைத்தான் படம் எடுப்பார்கள். சிலர் மட்டும், விமானம் கிளம்பும் முன்பே குனிந்து தரையைப் பார்ப்பார்கள். அங்கே மஞ்சளும் சிவப்புமாக, யாரோ ராட்சதக் கோலத்துக்கு இழுத்துவிட்ட கோடுகள்!

விமானம் நின்று ஆளையும் பெட்டியையும் ஏற்றும் அந்தத் தளத்துக்கு 'ஏப்ரன்' என்று பெயர். மஞ்சள் கோடு விமானத்தின் முன்சக்கரத்துக்கு வழிகாட்டி. 'விமானம் வரும்போது இதற்குள் வராதே' என்று மற்ற வண்டிகளை எச்சரிப்பது பெரும்பாலும் சிவப்புக் கோடு. வெளிறிய கான்கிரீட்டில் மஞ்சள் எடுபடாது என்பதால், சில இடங்களில் அதன் இருபுறமும் பட்டுச்சேலைக்கு பார்டர் வைத்ததுபோல் கறுப்புக் கரை தீட்டியிருப்பார்கள். போட்டோவுக்கு அருமையான விஷயம். ஆனால், இறங்கி நின்று நிதானமாக எடுக்க யார் விடுவார்கள்?

ஜெர்மனியின் தலைநகர் பெர்லினில் விடுகிறார்கள். ஏப்ரனில் இல்லை, அதைவிடப் பெரிய ஓடுபாதையிலேயே. நகரின் நடுவே இருக்கும் டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008 அக்டோபரில் மூடப்பட்டது. 2010 மே மாதம் அதன் மைதானம் பொதுமக்களுக்கான பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஓடுபாதைகளைப் பெயர்க்கவில்லை, கோடுகளையும் எண்களையும் சுரண்டவில்லை. இன்று அவற்றின் மேல் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பெரியவர்கள் பட்டம் விடுகிறார்கள்.

சாதாரண மண் அல்ல அது. 1948-ல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில் வழிகளை அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று. கெயில் ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானி, கைக்குட்டையில் பாராசூட் கட்டிக் குழந்தைகளுக்கு மிட்டாய் போட்டதும் இங்கேதான்.

மைதானத்தின் ஓரங்களில் வீடு கட்ட நகர நிர்வாகம் திட்டமிட்டது. 2014 மே 25 அன்று மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 100-க்கு 64 பேர், 'அப்படியே விடுங்கள்' என்றார்கள். வாடகை எகிறிக்கொண்டிருக்கும் ஊரில் இது லேசான முடிவு அல்ல. வாதம் இன்னும் ஓயவில்லை. வீடில்லாதவனின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறதே! இப்போதைக்கு ஜெயித்தவை, இந்தப் புல்வெளியில் கூடு கட்டும் வானம்பாடிகள். குஞ்சு பொரிக்கும் மாதங்களில் அந்தப் பகுதிகளுக்குள் ஆட்கள் நுழையக் கூடாது.

பழைய ஏப்ரன் பூங்காவோடு சேரவில்லை. வளைந்து கிடக்கும் 1.2 கிலோமீட்டர் நீளக் கட்டடத்தின் பிரமாண்டக் கூரை அதன் மேல் நீள்கிறது. மழையில் நனையாமல் விமானம் ஏறுவதற்காகக் கட்டியது! அதைப் பார்க்க, வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவில் சேர வேண்டும்.

கேமராக்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஓடுபாதை எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசை கிடைக்கும். 27 என்றால் 270 டிகிரி, அதாவது மேற்கு. மார்ச், செப்டம்பர் கடைசியில் கிழக்கு முனையில் 27-ன் மேல் நின்றால், சூரியன் கிட்டத்தட்ட நடுக்கோட்டின் மறுமுனையிலேயே இறங்கும். மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால் தார்த்தளமே தகதகக்கும்.

ஆனால், இருட்டும்வரை நிற்க முடியாது. பூங்கா, சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான். மேற்குப் பக்க வாசலுக்குப் போக வேண்டியவர்கள் கொஞ்சம் முன்பே கிளம்புவது நல்லது. நடக்க வேண்டிய தூரம் சுமார் 2 கிலோமீட்டர்.