மலைப்பாதையும் இரட்டை இயக்க வண்டியும்

ஒரு மோட்டார் வண்டியின் குணத்தை அதன் மினுக்கத்தைக் கொண்டு அறிதல் இயலாது. நெடுவழியிற் செலுத்தி, மலையில் ஏற்றி, மலையினின்று இறக்கிப் பார்த்த பின்பே அறியலாகும். அதற்கு நம் நாட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையைப் போன்ற பரீட்சை மண்டபம் வேறில்லை. கடல் மட்டத்திற் புறப்பட்டு, வன்னியின் வெயிலையும் புழுதியையும் கடந்து, 1868 மீற்றர் உயரத்தில் பனிமூட்டத்துள் முடிகின்ற பாதை அது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் என் மைத்துனரின் வண்டியில் குடும்பமாக அவ்வழியே சென்று வந்தோம்.

மைத்துனர் அரசாங்க வைத்தியர். உத்தியோகத்தருக்குரிய வரிச்சலுகைப் பத்திரத்தின் துணைகொண்டு, கையிருப்பு முழுவதையும் இட்டு வாங்கிய வண்டி அது. நம்மவர் பொதுவாக ‘ஜீப்’ என்று சொல்லும் உயர்ந்த உருவமுடையது. ‘ஹைபிரிட்’ எனப்படும் இரட்டை இயக்க வகையினது. பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டரும் ஒரு நுகத்தில் பூட்டிய இரு மாடுகள் போல அதனை இழுக்கின்றன. இவ்வித்தையை 1997ஆம் ஆண்டிலே பிரியஸ் என்னும் சிறு காரிற் புகுத்தியவர் யப்பானியர். 2005இல் லெக்சஸ் ஆர்.எக்ஸ். 400எச், ஹரியர் ஹைபிரிட் ஆகியவை வந்தபோது, அது செல்வர் விரும்பும் பெருவண்டிகளுக்கும் உரியதாயிற்று.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தை வாசகர் மறந்திரார். கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் எனப் பங்கிட்டுக் கொடுத்த அந்நாள்களில், நோயாளரிடஞ் சென்றுவர மைத்துனருக்கு இவ்வண்டியின் சிக்கனமே கைகொடுத்தது. ஆயினும் நாங்கள் புறப்பட்ட வேளையில் அவர் அதனை விற்றுவிடும் எண்ணத்துடனேயே இருந்தார். சில வாரங்களாக முகப்பில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தும் அணைந்தும் வந்தது. திருத்துமிடம் ஒன்றில், “பெரிய பற்றறி முடிந்துவிட்டது; புதிதாக மாற்றவேண்டும்” என்று கூறிப் பல இலட்சங் கணக்குக் காட்டினர். கண்டியில் ஒருவர் வாங்க ஆயத்தமாக இருந்தார்; விலையோ மிகவுங் குறைவு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது மீளத் தொடங்கியிருக்கவில்லை. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். ஆகவே, விற்றால் இதற்கு ஈடாக வேறொன்று வாங்குவது அவருக்கு ஆகாத காரியம்.

ஆனையிறவின் உப்புவெளியைக் கடந்து முறிகண்டியில் நின்றோம். அங்கே பிள்ளையார் முன்னிலையில் லொறியும் பஸ்ஸும் இந்த ஆடம்பர வண்டியும் ஒரே வரிசையினவே. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, மாமி வழக்கம்போல் பின்னாசனத்தில் அமர்ந்தார். பனங்கட்டியும் ஒடியலும் நிறைந்த பெரும்பை அவர் அருகில் இருந்தது. சோளகக் காற்று வீதியோரப் புழுதியை வாரி இறைத்தது. வவுனியா, மதவாச்சி, தம்புள்ளை எனப் பகல் முழுதும் ஓடி, மாத்தளையை நெருங்கிய வேளையில் விளக்கு மீண்டும் எரிந்தது. வண்டியின் வேகம் தளர்ந்தது. பின்னாசனத்தின் அடியில் ஏதோ விசிறி இரைந்தது.

“அத்தான், இனி மலை ஏறுமோ தெரியவில்லை. மாமாங்கம் பார்த்தது போதும், கண்டியிற் கொடுத்துவிட்டு பஸ்ஸிலே திரும்புவோம்” என்றார் மைத்துனர்.

மாத்தளையில் ஒரு சிறு திருத்துமிடத்து இளைஞர் கைக்கடக்கமான கருவி ஒன்றை வண்டியோடு இணைத்து அதன் திரையை நெடுநேரம் நோக்கினார். மின்கலவடுக்கின் பகுதிகள் யாவும் ஏறத்தாழச் சமமான வோல்ற்றளவையே காட்டின; வெப்பநிலை மாத்திரம் மிகுந்திருந்தது. அவர் மாமியின் பையை மெல்ல அகற்றி, ஆசனத்தோரம் இருந்த சிறு சாளரம் போன்ற அடைப்பைக் கழற்றிக் காட்டினார். புழுதியும் நூலும் அதிற் கம்பளி போற் படிந்திருந்தன.

“இதுதான் ஐயா பற்றறி மூச்சு வாங்குகிற இடம். மூக்கைப் பொத்தினால் யாருக்குத்தான் காய்ச்சல் வராது?” என்றார்.

பெற்றோல் இயந்திரத்தை நீர் குளிர்விப்பது போல, இவ்வகை வண்டிகள் பலவற்றில் ஆசனத்தடியில் உள்ள உயர் வோல்ற்று மின்கலவடுக்கை வண்டியினுள்ளே இருக்கும் காற்றே குளிர்விக்கின்றது. அக்காற்றை இழுக்கும் வழி அடைபட்டால் கலங்கள் சூடேறும். சூடு நீடித்தால் ஆயுள் குறையும். இளைஞர் வடியையும் விசிறியையும் துப்புரவு செய்தார். செம்மஞ்சள் நிற வடங்களைத் தொடவேண்டாமென எங்களை எச்சரித்தார். இருநூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் ஓடுவது அவற்றிலேதான். அவர் பெற்ற கூலி எங்கள் அன்றைய மதிய உணவுச் செலவிலும் குறைவு.

மறுநாட் காலை கம்பளையிலிருந்து மலை ஏறினோம். புசல்லாவையின் தேயிலைச் சரிவுகளும், 109 மீற்றர் உயரத்தினின்று விழும் றம்பொடை அருவியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைந்தன. விளக்கு எரியவில்லை. மாமியின் நெடுநாள் விருப்பமான சீதா எலியவில் அம்மனைத் தரிசித்தோம். குளிரில் நடுங்கிய போதும் அவர் முகத்திற் கண்ட நிறைவு பெரிது.

திரும்பி இறங்கும்போதுதான் வண்டியின் இயல்பு முற்றாக வெளிப்பட்டது. தட்டுப்பை மெல்ல அழுத்தினால், மின்மோட்டர் தைனமோவாக மாறி, வீணாகும் வேகத்தை மின்னாக்கி அடுக்கில் சேர்க்கின்றது. பௌதிகம் கற்பிப்பவன் கணக்குப் பாராமல் இருப்பானா? ஆட்களோடு வண்டி ஏறத்தாழ 2000 கிலோகிராம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறக்கம் ஏறத்தாழ 1400 மீற்றர். மலை நமக்குத் திருப்பித்தரும் அழுத்த சக்தி ஏழரை மின்னலகு. இத்தகைய வண்டியின் நிக்கல் வகை மின்கலவடுக்கோ மொத்தம் ஒன்றரை அலகு அளவே கொள்ளும். அதிலும் ஆயுளைக் காப்பதற்காக நடுப்பகுதியையே வண்டி பயன்படுத்துகின்றது. ரயரும் காற்றும் தம் பங்கை உண்டபின்பும் கலம் பாதிவழியிலேயே நிறைந்துவிட்டது. அப்போது இயந்திரம் எரிபொருளின்றிச் சுழன்று இரைந்து, மிகுதியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. மாமி பயந்து, “ஏன் தம்பி கத்துது?” என்று கேட்டார். “நிறைந்த குடத்தில் இன்னும் ஊற்றினால் வழியாதோ அம்மா!” என்றார் மைத்துனர். இறக்கத்துக்குரிய கியர் நிலையில் மெல்லச் செலுத்தி, சக்கரத் தட்டுப்புகளைக் காய்ச்சாமல் கம்பளையை அடைந்தோம்.

இவ்வண்டியை வைத்திருப்போர் இவ்வுண்மையை உணர்தல் நன்று. இது சக்தியைப் பெருக்கும் மாயமன்று; வீணாவதில் ஒரு பங்கை மீட்டுத்தரும் சிக்கனக்காரன் மட்டுமே. அச்சிக்கனமும் சிறு கவனிப்புகளையே நம்பி நிற்கின்றது. காற்றுவழியைக் காலந்தோறும் துடைத்தல், அதன்மேற் பொதி வையாமை, மின்மாற்றியைக் குளிர்விக்கும் திரவத்தைக் குறித்த காலத்தில் மாற்றுதல் ஆகியன அவற்றுட் சில. பன்னிரண்டு வோல்ற்றுச் சிறு பற்றறியையும் மறத்தலாகாது. அது இறந்தால், பெரியது நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. மின்மோட்டர் பெரும்பாலும் தட்டுப்பு வேலையைச் செய்வதால், சக்கரத் தட்டுப்புகள் தேய்வது குறைவு. ஆனால் கடற்கரை ஊர்களில் அவை துருப்பிடிக்கும் என்பதால் அவற்றையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும்.

கலங்கள் உண்மையாகவே முதிரும் நாளும் ஒன்று வரும். அந்நாளிலும் அளவுகளைப் பார்த்த பின்பே இலட்சங்களைப் பேசவேண்டும். நாடி பாராமல் நோயாளிக்குச் சத்திர சிகிச்சை விதிக்காத வைத்தியர், தம் வண்டிக்கு மட்டும் அவ்வாறு தீர்ப்புக் கூறப்பட்டதை ஏற்கலாமா என்று நான் கேட்டேன். மைத்துனர் சிரித்தார். கண்டியில் அந்த அன்பரின் வீட்டுக்குச் செல்லும் தெரு வந்தது; வண்டி திரும்பவில்லை. மாமியின் பையோ, இப்பொழுது அவர் மடியிலே இருந்தது.